டிரைவர் கருப்பண்ணன் சமைத்த தீபாவளி

பத்தரை மணி பஸ் அன்றைக்கு ஹாரன் அடிக்காமல் போயிற்று.

ராசிபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடம் ரோட்டின் மேலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் அந்த வண்டி வாசலைத் தாண்டும்போது இரண்டு முறை ஹாரன் அடிக்கும். ஒன்று பிள்ளைகளுக்கு, ஒன்று வாத்தியாருக்கு என்பார் டிரைவர் கருப்பண்ணன். பாடம் கெடுகிறது என்று நான் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். தூங்குகிற பிள்ளைகள் எழுந்திருக்கட்டும் என்று பதில் வரும். போன மாதம் ஒரு திங்கட்கிழமை வண்டி சத்தமில்லாமல் போனது. நான் சாக்பீஸும் கையுமாக ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வகுப்புக்குள் நுழைந்தார். அந்த மனிதர் என் வகுப்புக்குச் செருப்பைக் கழற்றியதே இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் வெள்ளாமைக் காட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தாராம். அவர் மனைவி செல்லாயி தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். 

அந்த வண்டியில் போய்வந்த உங்களுக்கெல்லாம் நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கரி போட்டு ஓட்டிய காலத்திலிருந்து அவரைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் வண்டிக்குப் பின்னால் ஒரு இரும்புக் கொப்பரையைக் கட்டி, அதில் கரியைக் கனல வைத்துத்தான் ஓட்டினார்கள். மல்லூர் மேட்டில் வண்டி நின்றுபோனால் மற்ற டிரைவர்கள் கண்டக்டரை வைவார்கள். கருப்பண்ணன் இறங்கி, சனங்களைப் புளியமரத்து நிழலுக்கு அனுப்பிவிட்டு, யார் யார் இன்னும் சாப்பிடவில்லை என்று விசாரிப்பார். கட்டுச்சோறு வைத்திருப்பவர்கள் அவிழ்க்க வேண்டியதுதான். பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கரி கிளறப் போவார். "வண்டிக்கும் வயித்துக்கும் மொதல்ல உள்ள எதாச்சும் போடோணுங்க. அப்பறம் கோவிச்சுக்கலாம்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஒரு தடவை என் எலுமிச்சம்பழச் சோறு முழுவதும் இப்படிப் போய்விட்டது. நான் அன்றைக்கு உண்மையாகவே கோபித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். மத்தியானச் சோற்றை அவர் ஒரு தகரப் போசியில் கொண்டுவருவார். பட்டாளத்தில் கொடுத்த பாத்திரம் அது. பிடியை மடக்கிக்கொள்ளலாம், மூடியே ஒரு சின்னத் தட்டு மாதிரி இருக்கும். சாப்பிட உட்கார்ந்ததும் மூடியில் கொஞ்சம் சோறு எடுத்துத் தனியாக வைப்பார். தான் சாப்பிட்டு முடித்த பிறகு அதை வேலியோரம் கொண்டுபோய்க் காக்கைக்குப் போடுவார். ஏதோ வேண்டுதல் என்று சிலர் சொன்னார்கள். எங்கள் சிநேகிதன் நெய்க்கடைப் பழனியப்பன், பட்டாளத்தில் பிடித்த கிறுக்கு என்று சொன்னான். எனக்குக் காரணம் தெரியும். மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது சொல்லலாம் என்று இருக்கிறேன். ஏன் சொல்லலாம் என்பது நான் சொல்லி முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

பட்டாளத்துக்கு அவர் தனியாகப் போகவில்லை. தறிக்காரர் வீதியில் நஞ்சம்மாளின் ஒரே பையன் முத்துவும் அவரும் ஒரே நாளில் பேர் கொடுத்து, பாலம் கட்டுகிற ஒரே படைப்பிரிவில் சேர்ந்து, ஒரே கப்பலில் இத்தாலிக்குப் போனார்கள். ஒருவர் வெள்ளாமை செய்யும் காட்டுக்காரர், ஒருவன் பட்டு நெய்கிறவன். சந்தையில் சேவல் பார்க்கப் போய்ச் சிநேகமானவர்களாம். நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது இரண்டு பேருமே இங்கே இல்லை. முத்துவை நான் கண்ணால் பார்த்ததில்லை. அவன் கடிதங்களை நஞ்சம்மாளுக்குப் படித்துக் காட்டியதில்தான் அவனோடு பழக்கம். குளிரைப் பற்றிப் பாதி இருக்கும், சாப்பாட்டைப் பற்றிப் பாதி இருக்கும். முடிவில் எப்போதும் ஒரே வரி: "நீ சாப்பிட்டாயா ஆத்தா?" அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்வாள். அது அவளுடைய கேள்விக்குப் பதில் கேள்வி. அவளுக்காக நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், நீ வயிறாரச் சாப்பிடுகிறாயா என்பதுதான் முதல் வரி.

தந்தி வந்தபோது அதைப் படித்ததும் நான்தான். கிறிஸ்துமஸ் கழிந்து சில நாள் இருக்கும். ஆற்றின் மேல் பாலம் போடும்போது குண்டு விழுந்து இறந்துவிட்டதாக இருந்தது. நான் இரண்டு முறை தமிழில் சொன்னேன். நஞ்சம்மாள் ராட்டையை நிறுத்தாமல், "தப்பாப் படிக்கறீங்க வாத்தியாரே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இங்கிலீஷ் படித்த என்னைப் போய் இவள் இப்படிச் சொல்கிறாளே என்று தோன்றியது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் நினைத்தது அதைத்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் அந்தக் காகிதத்தைப் போஸ்ட்மாஸ்டரிடமும், வக்கீல் குமாஸ்தாவிடமும் கொண்டுபோனாள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். சடங்கு எதுவும் செய்யவில்லை. முத்துவின் தறியைத் தினமும் துடைத்து வைத்தாள். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு புது வேட்டி எடுத்து, மூலையில் மஞ்சள் தடவி, அவன் வந்து கட்டிக்கொள்வான் என்று பெட்டியில் வைத்தாள். மற்ற நாளில் கஞ்சி குடித்தவள், நோம்பி என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் பண்டிகை நாட்களில் மட்டும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். பையன் வந்த பிறகு சேர்ந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டார் கொண்டுவந்த பலகாரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

சண்டை முடிந்து கருப்பண்ணன் மட்டும் திரும்பி வந்தார். வந்த அன்றே தறிக்காரர் வீதிக்குப் போயிருக்கிறார். நஞ்சம்மாள் அவர் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ வந்துட்டே சாமி. அவன் எப்ப வாரான்?" என்று கேட்டாளாம். ஆற்றுத் தண்ணீரில் கழுத்தளவு நின்று பாலம் கட்டிய மனிதருக்கு அந்த இடத்தில் கால் ஊன்றி நிற்க முடியவில்லை. அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு அவள் பஸ் ஸ்டாண்டுக்கே வரத் தொடங்கினாள். கேள்வி ஒன்றுதான். அவரும் ஏதாவது பேசி அவளை அனுப்பவேண்டுமே என்று அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கோதுமை மாவைப் பிசைந்து நாடா மாதிரி வெட்டி வேகவைத்து, தக்காளிக் குழம்பில் புரட்டித் தின்பது பாஸ்தா. அடை மாதிரி தட்டி, மேலே தக்காளியும் பால்கட்டியும் வைத்து அடுப்புக்குள் சுடுவது பீட்சா. நஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்து கதை கேட்பவளைப் போல் கேட்பாள். எண்ணெய் எவ்வளவு, உப்பு எப்போது போடுகிறார்கள் என்றெல்லாம் விசாரிப்பாள். வண்டி கிளம்பிவிடும்.

சண்டை முடிந்த மறு வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கருப்பண்ணன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அரிசி கிடைக்காமல் ரேஷனில் கோதுமை போட்ட வருஷம் அது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் கஞ்சி காய்ச்சிக் குடித்து, வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நோம்பியன்று நஞ்சம்மாள் வீட்டில் சிநேகிதர்களுக்கெல்லாம் இத்தாலிச் சாப்பாடு போடப்போகிறேன் என்றார். எல்லோர் வீட்டுக் கோதுமையையும் மில்லில் அரைத்துக் கொடுத்தால் போதுமாம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்குச் சொல்லிப்போடறேனுங்க வாத்தியாரே. வெறுங்கையோட போயிச் சொல்ல முடியலைங்க" என்றார்.

சமையல் என்று வந்துவிட்டால் அவர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மாவு புளிக்கக் கொஞ்சம் கள் வேண்டும் என்று என்னிடமே கேட்டார். மதுவிலக்கு மறுபடி வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஊரில் வாத்தியாரிடம் கேட்கிற பொருளா அது? கடைசியில் செல்லாயியின் புளித்த இட்லி மாவைக் கலந்து சமாளித்தார். பழனியப்பனிடம் நாலு படி எருமைப் பால் வாங்கி, அவன் கண்ணெதிரே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து திரிய வைத்தார். பரம்பரையாக நெய் விற்கிற குடும்பம்; நல்ல நாளும் அதுவுமாக யாராவது பாலை வேண்டுமென்று கெடுப்பார்களா என்று அவன் எழுந்து போகப் பார்த்தான். திரிந்ததைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுப் பால்கட்டி ஆக்கினார். பிறகு நஞ்சம்மாள் வீட்டுக் கொல்லையில் பூக்கட்டுவதற்காக வளர்த்திருந்த திருநீற்றுப்பச்சிலையைக் கை நிறையப் பறித்து வந்தார். சாமிக்கும் கொண்டைக்கும் வைக்கிற தழையைச் சட்டியில் போடுகிறானே என்று வீதிப் பெண்கள் வாயில் துணியை வைத்துச் சிரித்தார்கள். அங்கே அதே வாசனையுள்ள தழையைத்தான் போடுவார்கள் என்று அவர் சத்தியம் செய்தார்.

நோம்பியன்று காலையில் கொல்லையில் நானும் அவரும் செங்கல்லும் மண்ணும் வைத்து அடுப்புக் கட்டினோம். பஸ் முதலாளியிடம் கேட்டு வாங்கிய கரி ஒரு மூட்டை இருந்தது. கையெல்லாம் சேறாக இருக்கும்போதுதான் அவர் சொன்னார். அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் ஆற்றங்கரைக் குடியானவள் ஒருத்தி பட்டாளத்து ஆட்கள் சிலரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். "அந்தம்மா எந்த ஊர்க்காரன்னு கேக்கலைங்க. பசிக்குதான்னுதான் கேட்டுச்சு" என்றார். அன்றைக்குப் பாலத்து வேலை கருப்பண்ணனுடைய முறை. முத்துவுக்கு ஓய்வு. நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்து எழுந்த கருப்பண்ணனை, நீ போய்ச் சூடாகச் சாப்பிட்டு வா என்று அனுப்பிவிட்டு, முத்து அவருக்குப் பதிலாக ஆற்றில் இறங்கினான். எனக்கு ஒரு பங்கு எடுத்து வா என்று மட்டும் சொல்லியிருக்கிறான். இவர் போசியை நிரப்பிக்கொண்டு, மேல்கோட்டுக்குள் வைத்துச் சூடு ஆறாமல் திரும்பி வந்தபோது, முத்துவைக் கம்பளி போட்டு மூடியிருந்தார்கள்.

"காலையில குடிச்ச வெறும் டீத்தண்ணியோட போயிட்டானுங்க. நான் அங்க தின்னுக்கிட்டு இருந்தேன்" என்றார். அழவில்லை. செங்கல்லைத் தட்டித் தட்டிச் சரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு என்னைக் கேட்டார். செத்துப்போனான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவன் என்ன சாப்பிட்டான் என்றுதான் ஆத்தா முதலில் கேட்கும், அதற்கு என்ன சொல்வது? பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைக்கிறவன் நான். சாப்பிட்டான் என்று சொல், உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்று சொல் என்றேன். ஆகவே அந்தப் பொய்யில் எனக்கும் பாதி உண்டு. அதை நான் யாரிடமும் மறுக்கமாட்டேன்.

நாங்கள் கொல்லையில் இருந்த நேரத்தில் உள்ளே பெரிய தப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிழிந்து தின்பது என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரிந்தது சந்தகைதான். அரிசி மாவை உருண்டை பிடித்து ஆவியில் வேகவைத்து, சூட்டோடு மர அச்சில் போட்டுப் பிழிவார்கள். கருப்பண்ணன் பிசைந்து வைத்துவிட்டு வந்த கோதுமை மாவைச் செல்லாயியும் வீதிப் பெண்களும் உதவி செய்வதாக நினைத்து உருண்டை பிடித்து இட்லிப் பானையில் வேகவைத்துவிட்டார்கள். அது பஸ் டயருக்குப் போடுகிற ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பழனியப்பன் வீட்டு அச்சில் போட்டு, அவனும் நானும் இன்னொருவருமாகக் கைப்பிடியில் தொங்கினோம். ஒரு நூல்கூட வரவில்லை. அச்சின் மரம் இரண்டாகப் பிளந்தது. தன் தாயாரின் சீதனம் அது என்று பழனியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கருப்பண்ணன் வந்து பார்த்து, அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மீதி மாவை உருட்டி, அப்பளம் மாதிரி பெரிதாகத் தேய்த்து, கத்தியால் நாடா நாடாக வெட்டினார். காயப்போடக் கொடி தேடினார். நஞ்சம்மாள் எழுந்து போய், தறிக்குப் பாவு நூல் விரிக்கிற மூங்கில் கோல்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். முத்துவின் கோல்கள். இரண்டு வருஷமாக ஒருவரையும் தொடவிடாதவை. பட்டு நூல் காய்ந்த கோல்களில் கோதுமை நாடாக்கள் வரிசையாகத் தொங்கின. அவள் ஒவ்வொன்றையும் இழை பிரிப்பதுபோல் விரலால் பிரித்துவிட்டாள்.

மத்தியானம் இலை போட்டோம். காட்டுக்காரர், தறிக்காரர், நெய் வியாபாரி, வாத்தியார் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். மற்ற நாளில் யார் யாரோடு உட்காரலாம் என்று யோசிக்கிற ஊர்தான் இது. சாப்பாட்டின் பெயரே வாயில் நுழையாதபோது அதற்கு யாரும் சட்டம் வைத்திருக்கவில்லை. பீட்சா ஒரு பக்கம் கரிந்து, கொஞ்சம் புளித்து, ஆனால் நன்றாக இருந்தது. பழனியப்பன் பாஸ்தாவுக்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் கேட்டான். சந்தகைக்கு அதுதானே வழக்கம். தக்காளிக் குழம்பின் மேலேயே ஊற்றிக்கொண்டு, தேவலை என்று சொல்லிச் சாப்பிட்டான். கருப்பண்ணன் பரிமாறிக்கொண்டே இருந்தார்.

நஞ்சம்மாள் மட்டும் இலையில் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். "முத்து இதையெல்லாம் தின்னானா?"

கருப்பண்ணன் கரண்டியை வைத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தார். அவன் போய்விட்டான் என்பதைச் சொன்னார். நாங்கள் எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு அவசர அவசரமாக, அன்றைக்குக் கிறிஸ்துமஸ் விருந்து, என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், வயிறாரச் சாப்பிட்டான் என்றார். "மூணு வாட்டி வாங்கித் தின்னானுங்க ஆத்தா. இந்த நாடா, இந்தத் தழை, இந்தப் பால்கட்டி, எல்லாத்தையும் வழிச்சுத் தின்னான். சிரிச்சுக்கிட்டேதான் ஆத்துக்குப் போனான்" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் தடவிய வேட்டிகளை எடுத்து வந்து முத்துவின் தறிக்கு முன்னால் பலகை போட்டு அதன் மேல் வைத்தாள். விளக்கேற்றினாள். ஒரு தலைவாழை இலையை விரித்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் தன் கையாலேயே எடுத்து வைத்துப் படைத்தாள். செத்தவர்களுக்குப் படைப்பதுபோல்தான் படைத்தாள். அதன் பிறகு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, செல்லாயி ஊட்ட ஊட்ட, படையல் இலையிலிருந்தே சாப்பிட்டாள். நோம்பி நாளில் அவள் சாப்பிட்டு நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கருப்பண்ணன் மட்டும் அன்றைக்கு எதையும் வாயில் வைக்கவில்லை. சமைத்த வாசனையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு தீபாவளிக்கும் அதே வீட்டில் அதே சமையல் நடந்தது. ஊரில் பழகிப்போயிற்று. பழனியப்பன் தானே பாலைத் திரித்துக் கொண்டுவருகிற அளவுக்குத் தேறிவிட்டான். கருப்பண்ணன் நஞ்சம்மாளுக்குப் பையன் மாதிரியே இருந்தார். வாரத்துக்கு ஒரு நாள் காட்டுக் காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் அந்தப் பொய் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது எனக்குத் தெரியும். என்னிடம் இரண்டு மூன்று தடவை, நெசத்தைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அது சரிதானா என்று நினைத்து நினைத்து, அவர் இறந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் காட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். படையல் போட்டுக்கொண்டிருந்தபோது நஞ்சம்மாள் வந்தாள். இடுப்பில் ஒரு கூடை. இரண்டு நாளாகத் தனியாக உட்கார்ந்து மாவு பிசைந்து, நாடா வெட்டி, பாவுக் கோலில் காயவைத்து, எல்லாவற்றையும் தானே செய்திருக்கிறாள். செல்லாயியிடம் கருப்பண்ணனின் பட்டாளத்துப் போசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைத் துடைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"முத்துக்குப் பால் கவுச்சியே ஆகாதுங்க வாத்தியாரே. மோருப்பானையைத் தொறந்தாவே எந்திரிச்சுப் போயிருவான். அவனாவது, பால்கட்டியை வழிச்சுத் தின்கறதாவது. கருப்பண்ணனுக்கும் அது தெரியும், ஒண்ணா இருந்தவன்தானே. பொய் சொல்ற அவசரத்துல மறந்துபோயிட்டான்."

தெரிந்தும் அன்றைக்கு ஏன் படையல் போட்டீர்கள் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"உசுரோட இருக்கறவனுக்காக யாராச்சும் அத்தனை பாடுபட்டுப் பொய் சொல்லுவாங்களா சாமி? தந்தியை நம்புல. உங்களை நம்புல. அவன் பொய் சொன்னான் பாருங்க, அப்பத்தான் நம்புனேன்."

அவருக்கு இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். கருப்பண்ணன் எவ்வளவு மனம் நொந்துபோனார் என்பதையும் சொன்னேன். சொல்லியிருந்தால் அப்புறம் அவன் சோற்றில் கை வைத்திருப்பானா என்று அவள் திருப்பிக் கேட்டாள். முத்து உண்மையில் என்ன சாப்பிட்டுப் போனான் என்று என்னிடம் கேட்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் கருப்பண்ணன் தினமும் மூடியில் சோறு எடுத்து வைப்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

போசி நிறைய நாடாவும் குழம்பும் பால்கட்டியும் வைத்தாள். மூடியில் தனியாகக் கொஞ்சம் வைத்தாள். இரண்டையும் கொண்டுபோய்ப் படையல் இலையில் வைத்துவிட்டு, எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் பேசினாள்.

"இது உனக்கு. ஒரு நோம்பிக்காச்சும் நீ உக்காந்து தின்னலை, இன்னிக்கு முழுசாத் தின்னுரோணும். மூடியில இருக்கறது முத்துக்கு. பால்கட்டி போடலை, அவனுக்கு ஆகாது. இந்தத் தடவை கையிலயே குடுத்துரு, சாமி."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கிணற்று மேட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதேன்.

புதிய டிரைவர் நல்லவர்தான். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஹாரன் அடிப்பதில்லை. பாடம் கெடாமல் நடக்கிறது. கருப்பண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் போசி ஒன்றுதான். செல்லாயி, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டாள். மத்தியானச் சோற்றை இப்போது நான் அதில்தான் கொண்டுபோகிறேன். சாப்பிட உட்கார்ந்ததும் மூடியில் இரண்டு கை எடுத்து வைக்கிறேன். ஒன்று அவருக்கு, ஒன்று முத்துவுக்கு. தயிர்ச்சோறு கட்டிக்கொடுக்கிற நாளில், முத்துவின் பங்கை மட்டும் தயிர் விடுவதற்கு முன்பே எடுத்துவைக்கும்படி வீட்டில் சொல்லியிருக்கிறேன்.